சென் லோரன் வீதியில் கேதம் சொல்லப் போனேன்

1

போன வாரம் அப்பாவின் முதல் தெவசம். இலங்கையில், டயகம தேயிலைத் தோட்டத்தில், தங்கச்சி சரோஜா படையல் போட்டுவிட்டு, போனைத் திருப்பித் திருப்பி எனக்குக் காட்டினாள். வாழையிலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு கோப்பை பிளேன்டீ. போன் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் பின்னால் ஒரு பெண் சொன்னாள்: "ரெண்டு புள்ளைங்க கனடாவுல இருக்காங்கன்னு பேரு. சாவுக்கும் வரல, தெவசத்துக்கும் வரல." சரோஜா சட்டென்று போனை இலைப் பக்கம் திருப்பினாள். அதற்குள் கேட்டுவிட்டது.

அந்தப் பெண் யாரென்று தெரியாது. தெரிந்தாலும் சண்டைக்குப் போக மாட்டேன். சொன்னது பொய் இல்லையே. தெவசத்துக்குப் போகாததற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. போகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சாவுக்குப் போகாததற்குக் காரணம் உண்டு. அதை ஊரில் யாருக்கும் நான் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், வாசித்துவிட்டு நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் நான் குடியிருக்கும் வீதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடந்த எல்லாம் அந்த ஒரே வீதியில்தான் நடந்தது.

2

மொன்றியல் நகரம் ஒரு தீவு. சுற்றிலும் ஆறு. தெற்கே பழைய துறைமுகத்தில் தொடங்கி, தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், வடக்கே மறுகரையில் முடிகிறது சென் லோரன் வீதி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். இங்கத்தவர்கள் அதைச் செல்லமாக 'மெயின்' என்பார்கள். என் மகள் திவ்யா அதையே மூக்கால் பிரெஞ்சு மாதிரிச் சொல்லுவாள். நான் சொன்னால் சிரிப்பாள்.

நகரத்தின் கதவு இலக்கங்கள் இந்த வீதியிலிருந்துதான் தொடங்குகின்றன. குறுக்கு வீதி எதுவானாலும் இதற்கு இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. ஒரே வீதியில் ஒரே இலக்கத்தில் இரண்டு வீடுகள் இருக்கும், ஒன்று கிழக்கில், ஒன்று மேற்கில். வந்த புதிதில் வேலை கேட்டுப் போன இடத்தில் மேற்கு வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். நாங்கள் வளர்ந்த லயத்துக்கு இலக்கமே கிடையாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், கடிதம் எல்லாம் தோட்டத்து முஸ்லிம் கடைக்காரரிடம் வரும், அவரை நானா என்போம். நானா கூப்பிட்டுக் கொடுப்பார், சில சமயம் படித்தும் சொல்லுவார். அப்படி வளர்ந்தவளுக்குக் கதவு இலக்கம் என்பதே பெரிய படிப்பாக இருந்தது.

இந்த ஊரின் திசையும் கொஞ்சம் கோளாறு. இவர்கள் வடக்கு என்பது உண்மையான வடக்கு இல்லை, ஆற்றின் போக்குக்கு ஏற்றபடி திருப்பி வைத்த வடக்கு. இது தெரியாமல், வீதிப் பலகையில் 'கிழக்கு' என்று போட்டிருந்ததை நம்பிச் சாமிப் படங்களைக் கிழக்குப் பார்த்து வைத்தேன். மார்கழியில் பார்த்தால் சூரியன், தெற்கு என்று சொல்லுகிற பக்கத்திலிருந்து குசினி ஜன்னல் வழியாக எழும்பி வருகிறது. சாமி அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். படங்களை மாற்றி வைக்கவில்லை. அவருக்கும் இந்த ஊர் பழகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கப்பலில் வந்து இறங்கியவர்கள் துறைமுகத்திலிருந்து இந்த வீதி வழியாகத்தான் மேலே ஏறி நடந்தார்கள். கீழே சீனர்கள் தங்கினார்கள். அதற்கு மேலே யூதர்கள் தையல் ஆலைகளில் வேலை செய்தார்கள். பிறகு போர்த்துக்கீசர், கிரேக்கர், இன்னும் மேலே இத்தாலியர். ஒரு கூட்டம் கொஞ்சம் கையூன்றி எழும்பியதும் வீட்டை விற்றுவிட்டுப் போகும், அடுத்த கூட்டம் வந்து அதே வீட்டில் அடுப்பு மூட்டும். பழைய ஆலைக் கட்டடங்கள் இப்போதும் இருக்கின்றன. பெரிய பெரிய ஜன்னல்கள். முன்பு உள்ளே தையல் மெஷின், இப்போது கம்ப்யூட்டர். தையல் தொழில் வீதியோடு ஏறி ஏறி வடக்கே ஷபனெல் பக்கம் போய் நின்றது. நாங்கள் வந்தபோது அங்கேதான் வேலை இருந்தது.

நானும் தம்பி லோகநாதனும் ஒரே ஆலையில் இருந்தோம். நான் கல்யாணமாகி இங்கே வந்தவள், அவன் பின்னால் அகதியாக வந்தவன். நான் காலர் தைப்பேன், லோகு கட்டுக் கட்டாகத் துணி தூக்குவான். என் பிரெஞ்சு முழுவதும் அங்கே பிடித்ததுதான். 'வேகமா', 'இன்னும் வேகமா', 'இது பிழை', 'வீட்டுக்குப் போ'. இந்த நாலை வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன். வட இலங்கைக்காரர்கள் நடத்துகிற தமிழ்க் கடைக்குப் போனால் அங்கேயும் சோதனை. நான் வாயைத் திறந்ததும், "நீங்கள் இந்தியாவோ?" என்பார்கள். "ஹட்டன் பக்கம்" என்பேன். "ஓ, தோட்டம்" என்று சொல்லிவிட்டு மரவள்ளிக் கிழங்கை நிறுப்பார்கள்.

ஆலை மூடியபோது நான் கீழே, நகரப் பக்கம், ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமையல் வேலை எடுத்துக்கொண்டு வந்தேன். லோகு வடக்கிலேயே இருந்துவிட்டான். அக்காவும் தம்பியும் ஒரே வீதியில் இரண்டு முனைகளில்.

3

எங்கள் பக்கம் ஒரு சாவு விழுந்தால் கேதம் சொல்ல ஆள் போக வேண்டும். நேரில் போய்ச் சொன்னால்தான் சொன்னதாகக் கணக்கு. போன் வந்த பிறகும் அப்படித்தான். போனில் கேள்விப்பட்டவர்கள்கூட, ஆள் வந்து சொன்ன பிறகுதான் கிளம்புவார்கள். ஆள் வரவில்லையென்றால், "எங்களுக்குக் கேதம் வரல" என்று வீட்டில் இருந்துவிடுவார்கள். வேலைக்கும் போவார்கள். அந்தக் கோபம் அடுத்த தலைமுறை வரைக்கும் நிற்கும்.

எங்கள் தோட்டத்தில் அந்த வேலைக்கு அதிகமாகப் போனவர் அப்பாதான். தேயிலை ஆலையில் இரவு முறை முடித்து வந்தவரைக்கூட எழுப்பி அனுப்புவார்கள், எந்த உறவு எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் என்று அவருக்குத் தெரியும் என்பதால். அக்கரப்பத்தனை, ஹட்டன், அங்கிருந்து ரயிலில் றொசல்ல. போகிற வீட்டில் உள்ளே நுழைய மாட்டார். தேத்தண்ணி குடிக்க மாட்டார். வாசலில் நின்று பெயரைச் சொல்லி, இன்னார் தவறிட்டாங்க, இத்தனை மணிக்கு எடுக்கிறாங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்குப் போவது ஆம்பளைகள்தான். பொம்பளைகளை அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

கல்யாணத்துக்கும் இதே சட்டம்தான். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டும். லோகு தன் மூத்த மகனின் கல்யாணத்துக்கு எனக்கு என்ன செய்தான் தெரியுமா? பத்திரிகையைப் படம் பிடித்துப் போனில் அனுப்பினான். கீழே கை கூப்பின பொம்மை ஒன்று. ஒரே வீதி, ஒரே பஸ். ஏறினால் என் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி இறக்கிவிடும். நான் போகவில்லை. திவ்யா மட்டும் போய் வந்தாள். "மாமா உங்களக் கேக்கவே இல்லம்மா" என்றாள். கேட்கமாட்டான், எங்கள் வீட்டுப் பிள்ளைதானே. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த விஷயத்தில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது. அவன் வந்து அழைத்திருக்க வேண்டும்.

4

ஆனி மாதம், சனிக்கிழமை. எங்களுக்குக் காலை, டயகமவில் பொழுது சாயும் நேரம். சரோஜா கூப்பிட்டாள். அவள் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. அப்பா மத்தியானம் படுத்தவர் எழும்பவில்லை. நான் "சரி" என்றேன். "சரி, சரி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைத் துணி எடுத்துத் துடைத்தேன். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

சரோஜா சொன்னாள்: "தோட்டத் தலைவர் வந்து வாசல்ல நிக்கிறாருக்கா. நாளைக்கு எடுக்கலாம்னு சொல்றாங்க. லோகு வர்றதா இருந்தா வச்சிருக்கலாமாம். ஹட்டன்ல ஒடம்பு கெடாம ஊசி போட்டு எடுத்துட்டு வந்துரலாமாம். தம்பி போன எடுக்க மாட்டேங்குது. இன்னிக்கே சொல்லணும்."

"நான் வர்றேன்" என்றேன். "பிளேன்ல டோகா வழியா வந்தா மூணாம் நாள் வந்துருவேன்."

அவள் போனைப் பொத்திக்கொண்டு யாரிடமோ கேட்டாள். பிறகு, "நீங்க வந்தா சந்தோஷந்தான்க்கா. ஆனா தம்பி வந்தாத்தான் வச்சிருப்பாங்களாம். கொள்ளிக்குடம் தூக்கணும்ல. பொம்பளப் புள்ளைக்காக அத்தன நாளு வச்சிருக்க முடியாதுன்னு சொல்றாங்க" என்றாள்.

அவள்மேல் தப்பு இல்லை. அவர்கள் சொன்னதை அவள் சொன்னாள். தலைவர் மேலும் தப்பு என்று சொல்ல முடியாது, ஊரே அப்படித்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கணக்கு மட்டும் புரிந்தது. லோகு போகிறேன் என்றால் அப்பாவை வைத்திருப்பார்கள், நானும் போய் முகம் பார்க்கலாம். அவன் போகவில்லை என்றால் நான் கிளம்பிப் புண்ணியம் இல்லை. போய்ச் சேரும்போது மண் காய்ந்திருக்கும்.

லோகு போவதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊருக்குத் திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லித்தான் அவனுக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. இத்தனை வருஷமும் தள்ளிப்போட்டு, அப்போதுதான் குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். அதற்கு முன்னால் ஊருக்குப் போய் வந்தால், அப்போ பயம் போய்விட்டதா என்று கேட்பார்கள். கேட்டு, கொடுத்த அனுமதியைப் பிடுங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சாவுக்குப் போனேன் என்றால் இரங்குவார்களா, தெரியாது. போய் வந்து ஒன்றும் ஆகாதவர்களும் உண்டு, விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவன் என்ன சொல்லுவான் என்று என்னால் கணிக்க முடியவில்லை.

திவ்யா எழும்பி வந்தாள். தாத்தாவை அவள் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் சேலை மாற்றப் போனதும், "எங்கம்மா போறீங்க?" என்றாள்.

"மாமாவுக்குக் கேதம் சொல்ல."

"மாமா ஆன்லைன்ல இருந்தாரும்மா காலையில. வொய்ஸ் ஒண்ணு போடுங்களேன்."

"இதெல்லாம் வொய்ஸ்ல சொல்ற விஷயம் இல்ல."

"ஹி நோஸ், அம்மா. ஆல்ரெடி தெரியும் அவருக்கு."

தெரிந்தால் என்ன? எல்லாருக்கும் எல்லாம் தெரியத்தான் செய்கிறது. வீட்டுக்காரர் காலை வேலைக்குப் போயிருந்தார். அனுப்ப ஆம்பளை யாரும் இல்லை. நானே கிளம்பினேன்.

5

அன்றைக்குப் பார்த்து வீதியில் திருவிழா. கோடையில் சில நாள் வாகனத்தை மறித்து, கடைக்காரர்கள் எல்லாம் சாமானை வெளியே பரப்பிவிடுவார்கள். சுவர்களில் ஏணி போட்டுப் படம் வரைவார்கள். என் வீடு மேட்டுக்குக் கீழே. மேடு ஏறியதும் கூட்டம் தொடங்கிவிட்டது. பஸ் வேறு பாதையில் சுற்றிப் போகிறது என்று கம்பத்தில் கடதாசி ஒட்டியிருந்தார்கள். பிரெஞ்சில் நாலு வரி, அதில் எனக்குத் தெரிந்தது 'இல்லை' என்ற சொல் மட்டும். நடந்தேன்.

பாட்டு. பொரித்த மீன் வாசனை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் தார் ரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். முகத்தில் வர்ணம் பூசிய ஒருத்தன் என் முன்னால் குனிந்து ஒரு பூ நீட்டினான். வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான், கேதம் சொல்லப் போகிறவள் கையில் பூவா என்று தோன்றியது. குப்பைத்தொட்டி ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒரு கடை வாசலில் பழைய சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன, அதில் ஒன்றின் காலரைத் திருப்பிப் பார்த்தேன். தையல் சுத்தமாக இருந்தது. பூவை அந்தச் சட்டைப் பையில் செருகிவிட்டு நடந்தேன்.

கூட்டத்தில் நடக்கிறபோது ஒன்று மட்டும் விளங்கியது. இந்த வீதியில் எனக்கு முன்னால் நடந்தவர்கள் எல்லாருக்கும், யூதனோ போர்த்துக்கீசனோ, ஊரில் ஒரு அப்பா செத்திருப்பார். அவர்களுக்கு அந்தக் காலத்தில் செய்தி கப்பலில் வந்திருக்கும். வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். யாரும் அவர்களிடம், வைக்கவா எடுக்கவா என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

திருவிழா முடிகிற இடத்தில் பஸ் ஏறினேன். இத்தாலியர் பகுதி, பிறகு ரயில் பாலம், பிறகு மேலே ஓடுகிற பெரிய நெடுஞ்சாலை. அதைத் தாண்டினால் மெயின் அழகை எல்லாம் கழற்றி வைத்துவிடும். டயர்க் கடை, சமையலறை ஓடு விற்கிற கடை, காலி நிலம். நாங்கள் வேலை செய்த கட்டடத்தில் இப்போது கல்யாண உடுப்புக்கடை. ஜன்னலில் தலையில்லாத பொம்மைகள் வெள்ளை கவுன் போட்டு நிற்கின்றன. அழுகை வருமா என்று எனக்குள்ளேயே பார்த்துக்கொண்டேன். வரவில்லை. கால் வலித்தது.

6

லோகுவின் வீடு மாடியில். இந்த ஊர்ப் பழைய வீடுகளுக்குப் படி வெளியே இருக்கும், இரும்புப் படி, வளைந்து வளைந்து தெருவில் வந்து இறங்கும். அவன் மேல் படியில் உட்கார்ந்திருந்தான். முகம் மழிக்கவில்லை. தலை கலைந்து, இரவு இடுப்பில் கட்டிப் படுத்த சாரத்தோடு இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான்.

நான் கீழேயே நின்றுவிட்டேன். அவனும் ஏறி வரச் சொல்லவில்லை.

"நடந்தா வந்தீங்க?" என்றான்.

"பாதி தூரம். வீதிய மூடியிருக்கானுங்க."

"சொல்லுங்கக்கா."

"உனக்குத் தெரியாதா?"

"காலையில குரூப்புல பாத்தேன். யாரோ அழுவுற பொம்மை போட்டிருந்தாங்க. போன நிப்பாட்டிட்டேன். யாராவது வந்து சொல்லட்டும்னு உக்காந்திருக்கேன். குளிக்கவும் இல்ல, சாப்பிடவும் இல்ல. நீங்க வருவீங்களான்னு தெரியல." கம்பியைப் பிடித்துக்கொண்டான். "சொல்லுங்க."

சொன்னேன். "அப்பா தவறிட்டாரு லோகு. மத்தியானம் படுத்தவரு எந்திரிக்கல."

அன்றைக்கு அதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். பஸ்ஸில் தரிப்பிடத்தின் பெயரைச் சொல்லுகிற குரல் மாதிரி இருந்தது என் குரல். லோகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை மூடாமல், சத்தமாக, சின்ன வயதில் அழுத மாதிரியே அழுதான். கீழ் வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஏறிப் போய் அவன் தலையில் கை வைத்திருக்கலாம். ஏறவில்லை.

பிறகு சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்துவிட்டு, எங்கள் வீடுகளில் கேதம் கேட்டவர்கள் எல்லாரும் கேட்கிறதைக் கேட்டான்.

"எப்ப எடுக்குறாங்க?"

"நீ சொல்றப்ப" என்றேன்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. தலைவர் வாசலில் நிற்பதைச் சொன்னேன். நீ வருவதாக இருந்தால் வைத்திருப்பார்கள், இல்லையென்றால் நாளைக்கு எடுப்பார்கள், இன்றைக்கே பதில் வேண்டும் என்றேன். அவன் வந்தால் மட்டும்தான் வைப்பார்கள் என்பதையும், எனக்காக வைக்கமாட்டார்கள் என்பதையும் சொல்லவில்லை. சொன்னால் அவன் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

வடக்கே வீதி முடிகிற இடத்தில் ஆறு தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லோயர்கிட்டப் போன மாசந்தான் கேட்டேன். அப்பாவுக்கு முடியலன்னு சரோஜா சொன்னப்ப. போயிட்டு வந்தீங்கன்னா நான் பொறுப்பில்லன்னுட்டாரு. சின்னவன் இன்னும் ஸ்கூல்ல இருக்கான் அக்கா."

"தெரியும்டா."

"எனக்காக அவர ஊசி போட்டு வச்சிருக்க வேணாம். நாளைக்கே எடுத்துரட்டும். சரோஜா வீட்டுக்காரரு கொள்ளிக்குடம் தூக்கட்டும்." மூக்கை உறிஞ்சினான். "நீங்களும் போக முடியாதுல்ல? திடீர்னு லீவு குடுக்க மாட்டாங்க ஒங்களுக்கு."

"ஆமா" என்றேன். "லீவு குடுக்க மாட்டாங்க."

அவன் குளிக்க உள்ளே போனான். நான் படியடியில் நின்றபடியே சரோஜாவைக் கூப்பிட்டேன். நாளைக்கே எடுத்துவிடச் சொன்னேன். அவள் அதைத் தலைவரிடம் சொல்லுவது கேட்டது. யாரோ "சரி, அப்ப தப்பு அடிக்கிறவங்களுக்குச் சொல்லி விட்டுருவோம்" என்றார்கள். சரோஜா மறுபடி போனுக்கு வந்து, "அழுவாதீங்கக்கா" என்றாள். நான் அழவில்லை. அழவில்லை என்று அவளிடம் சொல்லவும் இல்லை.